கரிஸ்மா 18, கணக்கு நிலுவை

உங்க கையில மூணு டைஸ் இருக்குன்னு வைங்க. உருட்டுங்க. மூணுலயும் 6 விழுந்தா 18. அதுக்கு வாய்ப்பு 216-ல ஒண்ணு. 1974-ல வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுல உங்க கேரக்டரோட கரிஸ்மா இப்படித்தான் முடிவாகும். 3 விழுந்தா உங்களை நம்பி ஒரே ஒரு ஆள் வேலைக்கு வருவான். 18 விழுந்தா 12 பேர்.

2000-ல வந்த மூன்றாம் பதிப்புல இதைக் கொஞ்சம் சரிசெஞ்சாங்க. உங்க லெவலோட கரிஸ்மா போனஸைக் கூட்டணும். நியாயமானவர்னு பேர் எடுத்தா 1 கூடும், கொடுமைக்காரர்னா 2 குறையும். கூட வந்தவங்களைச் சாகக் கொடுத்தாலும் குறையும். ஆனா பொதுப் பணத்துக்குக் கணக்கு காட்டலைன்னா என்னன்னு அந்தப் பட்டியல்ல ஒரு வரி கிடையாது. எனக்கு அந்த ஒரு வரிதான் இப்ப பிரச்சினை.

எங்க ஊர் மானாம்பதி. எங்களுக்குப் பக்கத்து டவுன் உத்திரமேரூர். அங்க வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு பத்தி ஸ்கூல்ல 'குடவோலை' பாடத்துல படிச்சிருப்பீங்க. நானும் இங்கிலீஷ்ல படிச்சு, ரெண்டு மார்க் வாங்கி, மறந்துட்டேன். போன லீவுலதான் உள்ளே போய் நின்னு பார்த்தேன். எழுத்து ஒண்ணும் புரியல (வாட்ஸ்அப் தமிழே எனக்கு மூச்சு வாங்கும்). வீட்டுக்கு வந்து மொழிபெயர்ப்பைத் தேடிப் படிச்சப்போ, கேம் மாஸ்டர் புத்திதான் முதல்ல முழிச்சுது. இது அப்பட்டமான ரூல் புக்!

முதலாம் பராந்தக சோழன் காலம், 919-லயும் 921-லயும் வெட்டினது. ஊர்ல 30 குடும்பு, அதாவது வார்டு மாதிரி. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம்னு வேலைக்கு ஒரு குழு. பதவி 360 நாள். வயசு 35-க்கு மேல, 70-க்குள்ள. வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும். கடந்த 3 வருஷத்துல வாரியத்துல இருந்திருக்கக் கூடாது. பேச்சு, முகம், கவர்ச்சி எதுக்கும் பாயின்ட் கிடையாது. பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டுக் குலுக்குவாங்க. விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன் எடுப்பான். வாங்குறவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையிலதான் வாங்கணும். ஓலையை மாத்திடக் கூடாதுல்ல!

உடனே காலர் தூக்கிவிட்டுக்காதீங்க. அது வேதம் படிச்ச, நிலம் வெச்சிருந்த பிராமண ஆண்களோட சபை. என் பேர் அந்தக் குடத்துக்குள்ள போயிருக்காது. படிக்கிற உங்கள்ல முக்கால்வாசிப் பேரோடதும்தான்.

ஆனா ஒரு விதி என்னை விடல. முன்னாடி வாரியத்துல இருந்து கணக்கு காட்டாதவர் நிக்க முடியாது. அவர் மட்டும் இல்ல. அப்பா, மகன், அண்ணன் தம்பி, மாமனார், மருமகன், மச்சான், பெரியம்மா சின்னம்மா பசங்கன்னு நீளமா ஒரு லிஸ்ட், அவங்களும் முடியாது.

போன வருஷம் டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு நான்தான் செயலாளர். எப்படி ஆனேன்? மைக்கைக் குடுத்தா பேசுவேன், அவ்வளவுதான். நிஜ வாழ்க்கையில நான் கரிஸ்மா 16 தேறுவேன். சாப்பாடு, பேனர், ஸ்பீக்கர் வாடகை எல்லாம் முடிஞ்சப்போ 2,300 ரூபாய்க்குப் பில் இல்ல. திருடல. சத்தியமா எங்க போச்சுன்னு தெரியல. யாரும் கேக்கவும் இல்ல. ஏன் கேக்கலன்னு இப்ப யோசிச்சா, அதுவும் அந்த 16 தான்.

லீவு முடிஞ்சு ஹாஸ்டல்ல எங்க சனிக்கிழமை கேம்ல ஒரு ரூல் போட்டேன். கட்சித் தலைவர் குடவோலையில வரணும், ஒவ்வொரு செஷன் முடிவுலயும் தங்கக் காசுக்குக் கணக்கு சொல்லணும். மெஸ் டம்ளர்தான் குடம். வாட்ச்மேன் அண்ணன் பையன், ரெண்டாங்கிளாஸ், அவன்தான் சீட்டு எடுத்தான். மூணு வருஷமா டேபிள்ல பத்து வார்த்தைக்கு மேல பேசாத எங்க ரூம்மேட் பேர் வந்துச்சு. குகையில டிராகன் நிக்குது, அவன் எழுந்து வீரவசனம் எதுவும் பேசல. "யார்கிட்ட எத்தனை அம்பு இருக்கு?"ன்னு ஒவ்வொருத்தரையா கேட்டு நோட்டுல எழுதினான். மூணு வருஷத்துல முதல் தடவையா அன்னிக்கு யாரும் சாகல.

செஷன் முடிஞ்சதும் கணக்கு வாசிச்சான். 41 காசு வரவு, 38 செலவு, 3 கையிருப்பு. வாசிச்சு முடிச்சு நோட்டை மூடிட்டு, "மச்சி, சிம்போசியம் கணக்கு என்னடா ஆச்சு?"ன்னு கேட்டான். அவ்ளோ சாதாரணமா.

அடுத்த செயலாளருக்கு ஒரு பேர் சொல்லச் சொல்லி ஜூனியர்ஸ் கேட்டிருந்தாங்க. என் பெரியம்மா பையன் செகண்ட் இயர்ல இருக்கான், நல்லாப் பேசுவான், அவன் பேரை ஏற்கெனவே டைப் பண்ணி வெச்சிருந்தேன். அதை அழிச்சுட்டேன்.

இருக்கிற 14 பில்லையும் ஒரு ஃபைல்ல போட்டாச்சு. மீதி 2,300-ஐ ரெண்டு தவணையில நான் கட்டறேன்னு ஒரு தாள்ல எழுதி மேல வெச்சிருக்கேன். திங்கட்கிழமை அசோசியேஷன் மீட்டிங், மைக்ல பேசாம தாளைப் பார்த்து வாசிக்கிறதா இருக்கேன். நீங்களும் வர்றதா இருந்தா ஒரு டம்ளர் எடுத்துட்டு வாங்க, எங்க மெஸ் டம்ளர் ரொம்பச் சின்னது.