வரைபடத்தில் எங்கள் மலை



இந்த முறை சுவர்ப் பத்திரிகைக்கு 'உலகின் ஒதுக்குப்புறமான இடங்கள்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் அண்டார்டிகா, அமேசான் என்று எழுதப் போகிறார்களாம். நான் நம்ம கல்வராயன் மலையைத்தான் எழுதப் போகிறேன். சிரிக்காதீங்க. போன வருஷம் கட்டுரைப் போட்டிக்குக் கீழே போனபோது ஒருத்தர் "எந்த ஊரும்மா?" என்றார். "வெள்ளிமலை, கல்வராயன் மலை" என்றேன். "ஓ, சாராய மலையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நம்ம மலையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முதலில் புவியியல். கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஜவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை இவற்றோடு சேர்ந்தது நம்ம மலை. பரப்பளவு சுமார் 1,095 சதுர கிலோமீட்டர். வடக்கே இருப்பது சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். நம்ம மேல் பெய்யும் மழை கோமுகி ஆறாக இறங்கி, கச்சிராயபாளையம் பக்கத்தில் 46 அடி அணையில் நிற்கிறது. அங்கிருந்து நெல்லுக்கும் கரும்புக்கும் பாய்கிறது. மிச்சம் மணிமுக்தா ஆற்றில் கலந்து, அது வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. கடலையே பார்க்காத எங்க பாட்டி வீட்டுக் கூரைத் தண்ணி வங்காள விரிகுடா வரைக்கும் போயிருக்கு!

இப்போது வரலாறு. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்தது 1947-ல். ஆனால் நம்ம மலையில் ஜாகிர் ஆட்சி முடிந்தது 1976-ல்! சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்தார்கள். தகப்பனுக்குப் பின் பிள்ளை என்று பரம்பரையாக வந்தவர்கள். 1963-லேயே ஜாகிரை ஒழிக்கச் சட்டம் வந்துவிட்டது. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், வழக்கு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் 1976-ல்தான் நிலம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது.

எங்க தாத்தாவுக்கு அப்போது இருபது வயசு. "ஏர் வெச்சிருந்தா ஒரு வரி, ஏர் இல்லாம கொத்திப் பயிர் பண்ணா ஒரு வரி. ரசீதாவது ஒண்ணாவது!" என்பார். சாமையும் கேழ்வரகும்தான் சாப்பாடு. கடுக்காய், புளி, தேன் எல்லாம் தலைச்சுமையாக இறக்கி, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறணும். யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் தூளி கட்டித் தூக்கி இறங்கணும். பாதி வழியிலேயே திரும்பி வந்த தூளிகளும் உண்டு என்று பாட்டி சொல்லும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

தாத்தா வீடு மாறவே இல்லை. ஆனால் தென்னாற்காடு, 1993-லிருந்து விழுப்புரம், 2019-லிருந்து கள்ளக்குறிச்சி என்று மூன்று மாவட்டத்தில் வாழ்ந்துவிட்டார்!

நம்மைப் போலவே இன்னொரு இடத்தை லைப்ரரி அட்லாஸில் பார்த்தேன். மெக்சிகோ நாட்டின் மேற்கில் விரல் மாதிரி நீண்டு கிடக்கும் பாஹா கலிபோர்னியா என்ற தீபகற்பம். நீளம் சுமார் 1,200 கிலோமீட்டர். ஐரோப்பியர்கள் அதைத் தீவு என்று நினைத்து, நூறு வருஷத்துக்கு மேல் தீவாகவே படம் வரைந்தார்கள். 1700-ஐ ஒட்டி கினோ என்ற பாதிரியார் நிலம் வழியாகவே போகலாம் என்று காட்டிய பிறகும் சிலர் நம்பவில்லையாம். தீபகற்பம் முழுக்கத் தார்ரோடு வந்தது 1973-ல்தான். நம்ம ஜாகிர் ஒழிந்ததற்கு மூன்று வருஷம் முன்னால்! 1697-ல் அங்கே பாதிரிமார்கள் வந்து குடியேறினார்கள். வெளியிலிருந்து வந்த அம்மை மாதிரியான நோய்களில் பெரிகூ, குவாய்குரா என்ற பழங்குடிகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். இன்று அந்த மொழிகளைப் பேச ஒரு ஆள்கூட இல்லை. அவர்களைப் பற்றி எழுதி வைத்தது எல்லாம் வந்தவர்கள்தான். இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாம் இருக்கிறோம். மலையாளி என்றால் கேரளா இல்லைங்க, மலையை ஆள்பவர் என்று அர்த்தம் சொல்வார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்று கதையும் சொல்வார்கள். ஆனால் நம்மைப் பற்றியும் மற்றவர்கள்தானே எழுதுகிறார்கள்? 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து, கல்வராயன் மலை மக்களுக்கு என்ன வசதி இருக்கிறது என்று அரசாங்கத்தைக் கேட்டது. ரோடு பற்றிப் பேப்பரில் வர அத்தனை சாவு வேண்டியிருந்தது.

நண்பர்களே, ஒன்று கவனிங்க. 2006 வன உரிமைச் சட்டப்படி, 13-12-2005-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் பயிர் செய்து பிழைக்கும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அவர்கள் அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். அதற்குப் பழைய காகிதம் சாட்சி. காகிதம் இல்லாவிட்டால்? ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதையும் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள் (மனு போட்டவரே சாட்சி சொல்ல முடியாது). அதனால் உங்க வீட்டுப் பரணில் ஜாகிர் காலத்துச் சீட்டு, ஓலை எது கிடந்தாலும் அடுப்பில் போட்டுவிடாதீங்க. எங்க சமூக அறிவியல் ஆசிரியரிடம் கொண்டுவந்து காட்டுங்க, நகல் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

எங்க தாத்தா சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்தக் காட்டை யார் கொத்தினார்கள், எந்த ஓடை யார் எல்லை என்று வரிசையாகச் சொல்கிறார். நாற்பது பக்க நோட்டு ஒன்று முடிந்து, இரண்டாவது நோட்டு நேற்று வாங்கினேன்.

– பத்தாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு