ஒப்படையும் வாப்பாவின் கடன் கொப்பியும்



கணினி படித்துவிட்டு வேலை தேடும் மகளோ மகனோ உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டைப் பக்கம். சுற்றிலும் தேயிலையும் இறப்பரும்தான். வாப்பாவுக்குத் தோட்டச் சந்தியில் ஒரு சில்லறைக் கடை. படிப்பு முடிந்ததும் மென்பொருள் எழுதும் வேலைக்குக் கொழும்பில் விண்ணப்பித்தேன். இத்துறையில் நேர்முகப் பரீட்சையோடு காரியம் முடிவதில்லை. "இதைச் செய்து அனுப்புங்கள்" என்று ஓர் ஒப்படையையும் வீட்டுக்குத் தந்துவிடுவார்கள். அதற்குக் கூலி கிடையாது.

எனக்குக் கிடைத்த முதல் ஒப்படை, இணைய விற்பனைத் தளம் ஒன்றை முழுமையாகச் செய்வது. ஐந்து நாள் தவணை. பகலில் வீட்டு வேலை. இஷாவுக்குப் பின் உட்கார்ந்தால் சுபஹு பாங்கு வரை கணினிதான். அந்த வாரம் உம்மாவுக்குக் கிளினிக் நாள் வந்தது. எப்போதும் நான்தான் கூட்டிப் போவேன். அன்று "நேரமில்லை உம்மா" என்றேன். அவர் தனியே பஸ் ஏறிப் போனார்.

ஒப்படையை அனுப்பி ஒரு மாதமாகியும் பதில் இல்லை. நானே கேட்டபோது, வேறொருவரைத் தெரிவு செய்துவிட்டதாக இரண்டு வரி வந்தது. என்ன பிழை என்று எவரும் சொல்லவில்லை.

சோர்ந்திருந்த நாட்களில் வாப்பாவின் கடன் கொப்பி கண்ணில் பட்டது. தோட்டத்து மக்கள் கடனுக்குச் சாமான் எடுத்துச் சம்பள நாளில் கட்டுவார்கள். அந்தக் கணக்கைப் பார்க்க ஒரு சிறிய மென்பொருள் எழுதினேன். யாரும் கேட்கவில்லை, ஆசைக்காகத்தான்.

ஒரு சம்பள நாளில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் கடன் முழுவதையும் கட்டினார். என் மென்பொருளோ அவர் பெயரைக் கடன்காரர் பட்டியலிலேயே காட்டியது! "மகள், கட்டியவரைக் கடன்காரி என்கிறதே உன் மெஷின்" என்றார் வாப்பா. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் நாணயத்துக்கல்லவா இழுக்கு!

இரண்டு நாள் தேடிக் காரணத்தைக் கண்டேன். கணினி எல்லாவற்றையும் இரண்டின் அடிப்படையில் எண்ணுகிறது. 0.1 போன்ற தசமங்களை அதனால் துல்லியமாக வைக்க முடிவதில்லை. 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் 0.3 ஐவிட மயிரிழை கூடுதலாக வரும். அந்த மிச்சம்தான் கடனாக நின்றது. ரூபாயை விட்டுச் சதங்களாக, முழு எண்ணில் கணக்கு வைத்தேன். பிழை தீர்ந்தது.

ஆசைக்குச் செய்வதை அற்பமாக எண்ணாதீர்கள். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்கு என்று சொல்லித் தொடங்கியதே லினக்ஸ். இன்று உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசிக்கு அடித்தளம் அதுதான். 2004 சுனாமியின்போது நம் நாட்டுத் தொண்டர்கள் கூலியின்றி எழுதிய 'சஹானா' மென்பொருள், காணாமற் போனோரைத் தேடவும் முகாம்களைக் கவனிக்கவும் உதவியது. மறு ஆண்டு பாகிஸ்தான் பூகம்பத்திலும் அது பயன்பட்டது.

அடுத்த நேர்முகப் பரீட்சையிலும் ஒப்படை என்றார்கள். "நானே எழுதியது ஒன்று இருக்கிறது, அதைப் பார்ப்பீர்களா?" என்று கேட்டேன். சம்மதித்தார்கள். அந்தச் சதக் கணக்கைப் பற்றியே வெகு நேரம் கேட்டார்கள். வேலை கிடைத்தது.

எல்லா இடத்திலும் இப்படிச் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்: ஒப்படை வந்தால் எத்தனை மணி நேர வேலை, குறைநிறை சொல்வார்களா என்று முதலில் கேட்கட்டும். இரண்டு, மூன்று மணி நேரமென்றால் செய்யட்டும். ஒரு வாரத்தை விழுங்குமென்றால் மரியாதையாக மறுக்கலாம். பக்கத்தில் ஒருவருக்காவது பயன்படும் ஒன்றை நேரம் கிடைக்கும்போது செய்து வைக்கட்டும். வேலை கிடைக்காவிட்டாலும் அது அவர்களிடமே இருக்கும்.

இப்போது உம்மாவின் கிளினிக் நாளில் நான் லீவு எடுத்து விடுகிறேன். அன்று தனியே அனுப்பியதை அவர் மறந்துவிட்டார். என்னால்தான் மறக்க முடியவில்லை.