நீரை நோக்கிய ஊர்

சீன தேசத்தின் சூஜோ நகருக்குத் தென்கிழக்கே, ஏரிகள் சூழ்ந்த தாழ்நிலத்தில் அமைந்துள்ள ஜோவ்ஜுவாங் என்னும் பழைய ஊருக்குச் செல்லும் யாத்ரிகர்களில் பெரும்பாலோர், கல் பாவிய சந்துகளில் நெருக்கியடித்து நடந்து, பன்றித் தொடைக் கறி விற்கும் கடைகளைக் கடந்து, பாலங்களின் மீது நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவ்வூர் தன் முகத்தை நீருக்கே காட்டி நிற்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகவே அதன் சௌந்தரியத்தை அறிய விரும்புகிறவர் படகேறுவதே உசிதம்.

படகின் பின்புறம் நின்று ஒற்றைத் துடுப்பை இருபுறமும் அசைத்துச் செலுத்தும் பெண்மணி, நம்மைக் கால்வாயின் நடுவே கொண்டு செல்லும்போதுதான், வெண்சுவரும் கருவோடும் கொண்ட வீடுகளிலிருந்து நீரை நோக்கி இறங்கும் படித்துறைகளும், கயிறு கோத்துப் படகைக் கட்டுவதற்கென்று கரைக் கற்களிலே குடைந்து வைத்த துளைகளும் கண்ணுக்குப் புலனாகின்றன. நெல்லும் விறகும் மணப்பெண்ணும் இந்தப் படிகளின் வழியாகவே ஊருக்குள் வந்தார்கள். தலைநகர மதிலின் ஒரு பகுதியைத் தன் செல்வத்தால் கட்டிக்கொடுத்துச் சக்கரவர்த்தியின் கோபத்துக்கு ஆளானவன் என்று கர்ணபரம்பரை கூறும் ஷென் வான்சான் என்ற பெருவணிகனின் சந்ததியார் 1742இல் எழுப்பிய மாளிகையில் நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் உண்டு. எனினும் அதன் வரிசையில் முதலாவதாக நிற்பது நீர்வாயிலும் படகுத்துறையுமே. அதைவிட ஒருபடி மேலே சென்ற ஜாங் குடும்பத்தார் இல்லத்திலோ, கால்வாயே வீட்டினூடே பாய்கிறது. வந்த படகு திரும்புவதற்கென்று சிறு குளமும் வெட்டியிருக்கிறார்கள்!

இரண்டு கால்வாய்கள் கூடுமிடத்தில், வளைவான பாலமொன்றும் சதுரவாய்ப் பாலமொன்றுமாக ஒட்டி நிற்கும் இரட்டைப் பாலங்கள் மிங் வம்சத்தார் காலத்தவை. நியூயார்க்கில் குடியேறிய சென் யிஃபே என்ற ஓவியர் தீட்டிய அவற்றின் சித்திரத்தை, அமெரிக்கத் தொழிலதிபர் ஆர்மண்ட் ஹேமர் 1984இல் சீனத் தலைவர் தெங் சியாவ்பிங்குக்குக் காணிக்கையாக அளித்தார். அதன்பின் ஊரின் கீர்த்தி உலகெங்கும் பரவியது. அக்காலத்தில் அண்டை ஊர்கள் பல, வாகனச் சாலைக்காகக் கால்வாய்களைத் தூர்த்துக்கொண்டிருந்தன. ஷாங்காயின் துங்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ருவான் யீசான் விடாது வாதாடியிராவிட்டால் இப்பாலங்களின் கதியும் அதுவே ஆகியிருக்கக்கூடும். அவருக்கு நாம் மிகவும் கடமைப்பட்டவர்கள்.

கூட்டத்தை நான் நிந்திக்கவில்லை. காண வருவது மனித சுபாவம். ஆயினும் பழைய வீடுகளில் பல கடைகளாக மாறிவிட, குடியிருந்தோர் புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்வதே என்னை வருத்துகிறது. கீரை அலசவோ துணி துவைக்கவோ ஒருவரும் இறங்காத படித்துறைகளை எத்தனை செவ்வையாகப் பேணினாலும் என்ன பிரயோஜனம்? ஆதலால் அங்கே செல்கிறவர் ஓர் இரவேனும் ஊருக்குள்ளேயே தங்கி, பகற்கூட்டம் வந்து சேருமுன் கால்வாய்க் கரைக்குச் செல்ல வேண்டும். இன்னும் அங்கே வாழ்கிறவர்கள் தங்கள் படிகளில் இறங்கி வரும் வேளை அதுவே.