தவறிய அழைப்புகள்

கைத்தொலைபேசி இல்லாமல் ஒரு பொழுதும் கழியாத காலம் இது. அது பேசுவதற்கு மட்டும்தான் என்று எண்ணிவிட வேண்டாம். என் பாட்டி அதைப் பேசாமல் இருப்பதற்கே அதிகம் பயன்படுத்தினார்.

பாட்டியும் தாத்தாவும் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில் இருக்கிறார்கள். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்பாவும் அம்மாவும் ஈப்போ புந்தோங்கில் குடியேறினார்கள். பெரியவர்கள் வர மறுத்துவிட்டார்கள். நான் பல்கலைக்கழகத்திற்குப் புறப்பட்டபோது, பாட்டியின் பொத்தான் போனில் 2ஆம் எண்ணை அழுத்திப் பிடித்தால் எனக்கு அழைப்பு வரும்படி செய்து கொடுத்தேன். ஒரு முறை மணி அடித்து நின்றால் 'நல்லா இருக்கோம்'. அடுத்தடுத்து இரண்டு முறை அடித்தால் 'நீ கூப்பிடு'. போட்ட பத்து ரிங்கிட் அப்படியே கிடக்கும். இந்தக் கெட்டிக்காரத்தனம் பாட்டிக்கு மட்டும் உரியதல்ல. 2011இல் இந்தியாவில் அன்னா ஹசாரேயின் ஊழல் எதிர்ப்பு இயக்கத்துக்கு மக்கள் ஓர் எண்ணுக்கு 'மிஸ் கால்' கொடுத்தே ஆதரவு தெரிவித்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. என் போன் திறந்திருக்க வேண்டும். போனை அடைக்கும்போது அது தொலைபேசி நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டே அடங்குகிறது. அதன்பின் வரும் அழைப்பு நம் போனை எட்டுவதில்லை, மணியும் அடிக்காது. குரலஞ்சல் சேவை இருந்தால் அழைப்பு அங்கே போகும். பதிவுசெய்த பெண்குரல் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசும். 'பீப்' ஒலிக்குப் பின் நாம் பேசினால் காசு அழைத்தவருடையது. யார் அழைத்தார் என்ற குறுஞ்செய்தி காத்திருந்து, போனைத் திறந்ததும் வந்து விழும்.

"யாரு பாப்பா அந்தப் பொண்ணு? ஒன் போன எடுத்து என்னமோ பேசுது" என்று பாட்டி ஒருநாள் கேட்டார். பாட்டி சந்தை மலாய் நன்றாகப் பேசுவார். இது வேறு மலாய். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் மாதம் எனக்கும் அப்படித்தான் கேட்டது. தோட்டத்தில் தந்தி வந்தால் கிராணியார் படித்துச் சொல்வாராம். மலேசியாவில் தந்திச் சேவை 2012இல் நின்றுவிட்டது. செய்திக்கு நடுவில் ஓர் ஆள் இருப்பார் என்ற பழக்கம் மட்டும் பாட்டிக்குப் போகவில்லை. "என் கூட்டாளி பாட்டி" என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். விளக்கியிருக்கலாம்.

2024 ஜனவரியில் இறுதித் தேர்வு. காலை ஒன்பது மணித் தாள். மண்டபத்துக்குள் நுழையுமுன் போனை அடைத்தேன். மதியம் திறந்தபோது குறுஞ்செய்திகள் வரிசையாக வந்தன. பாட்டியின் எண்ணிலிருந்து ஏழு அழைப்புகள், ஒரு குரலஞ்சல்.

"யம்மா, பாப்பாவோட கூட்டாளியா? தாத்தாவுக்கு வலது கை தூக்க வரல, வாய் கோணுது. அவ அப்பாகிட்ட சொல்லச் சொல்லும்மா."

பின்னால் தாத்தாவின் குரல், கொஞ்சம் குழறலாக: "புள்ளைக்குப் பரீட்ச. போன வையி."

அப்பாவின் தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக முடியாது. அவசரமென்றால் எனக்கு அழையுங்கள், அங்கே அலுவலகத்துக்கு நான் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லி வைத்தது நான்தான். பக்கத்து வீட்டுக்காரர் வேனில் தாத்தாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது பத்தரை மணி ஆகிவிட்டதாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தாத்தாவுக்கு விடியற்காலை எழுந்தபோதே கை மரத்திருந்ததாம், யாரிடமும் சொல்லவில்லை. நீ எடுத்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்கிறார் அப்பா. நான் இன்னும் மணிக்கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தாத்தா பிழைத்தார். பேச்சு திரும்பவில்லை.

அந்தச் செய்தியைச் சேமித்து வைக்க எனக்குத் தோன்றவில்லை. குரலஞ்சலில் செய்திகள் சில நாள்களே தங்கும். மூன்று வாரம் கழித்துக் கேட்கப் போனபோது அழிந்திருந்தது. கல்யாண வீடியோக்களில்கூட வாய் திறக்காத மனிதர் அவர்.

இப்போதெல்லாம் மாலை ஆறு மணிக்கு மேல் என் போன் ஒரு முறை அடித்து நிற்கிறது. தாத்தா இடக்கையால் 2ஆம் எண்ணை அழுத்துகிறார் என்று பாட்டி சொன்னார். நான் எடுப்பதில்லை. திருப்பி ஒரு முறை அடித்துவிட்டு நிறுத்துகிறேன்.

சில நாள் இரண்டு முறை அடிக்கும். அது பாட்டி.