வீச்சுக்கு முன்

கிரிக்கெற்றிலும் டெனிஸிலும் பந்து ஆட்டக்காரனை நோக்கி விரைந்து வருகின்றது. நிலையெடுத்து நிற்க அவனுக்குக் கணப்பொழுதே கிடைக்கும். கோல்ப் ஆட்டத்திலோ பந்து புல்தரையில் அசையாது கிடக்கின்றது. ஆதலால் பிழையாக நின்றதற்கு அவன் வேறெவரையும் குறைகூற இயலாது. கோலை வீசத் தொடங்கிய பின்னர் எதனையும் திருத்த அவகாசமில்லை. திருத்தவேண்டியவை யாவும் அதற்கு முன்னரே திருத்தப்படல் வேண்டும்.

அமெரிக்க வீரர் பென் ஹோகன் இதனை நன்குணர்ந்தவர். 1957 இல் வெளிவந்த 'ஐந்து பாடங்கள்' என்னும் அவரது நூலில் முதலிரு பாடங்களும் கோலைப் பிடிக்கும் முறைக்கும் நிற்கும் முறைக்குமே ஒதுக்கப்பட்டுள்ளன. வலக்கை ஆட்டக்காரனின் வலப்பாதம் இலக்குக் கோட்டுக்குச் செங்குத்தாக அமைய, இடப்பாதம் இலக்கை நோக்கிச் சற்றே திரும்பியிருத்தல் வேண்டும் என்கிறார் அவர். ஐந்தாம் இலக்க இரும்புக்கோலுக்குப் பாதங்களின் இடைவெளி தோள்களின் அகலமாகும். நீண்ட கோல்களுக்கு அது விரியும், குறுகிய கோல்களுக்கு ஒடுங்கும். உயரமான இருக்கையொன்றில் அமரப்போகின்றவனைப் போல முழங்கால்கள் சிறிதே மடிதல் வேண்டும். இவற்றுக்குக் காரணமுண்டு. வலப்பாதம் செங்குத்தாக நின்றால் பின்வீச்சில் இடுப்பு மிகையாகத் திரும்பாது. இடப்பாதம் திரும்பியிருந்தால் முன்வீச்சில் உடல் இலக்கை நோக்கித் தடையின்றித் திரும்பும்.

நிற்பதைப்பற்றி இத்துணை நுணுக்கமாக எழுதியவர், ஒருகாலத்தில் நிற்கவே இயலாது கிடந்தவர். 1949 பெப்ரவரியில், டெக்சாஸ் மாநிலத்தில், மூடுபனி சூழ்ந்த வீதியொன்றில் அவரது காருடன் பஸ் வண்டியொன்று நேருக்குநேர் மோதியது. அருகிலிருந்த மனைவியைக் காக்க அவர் குறுக்கே பாய்ந்தார். அவரது இடுப்பெலும்பு, காறையெலும்பு, இடக் கணுக்கால் ஆகியன முறிந்தன. பின்னர் இரத்தக்கட்டிகளால் உயிருக்கே ஆபத்து நேரவே, வைத்தியர்கள் சத்திரசிகிச்சை செய்து இதயத்துக்குச் செல்லும் பெருநாளமொன்றைக் கட்டினர். அதன்பின் அவரது கால்களில் இரத்தவோட்டம் முன்போற் சீராகவில்லை.

பதினாறு மாதங்கள் சென்றன. 1950 ஜூனில், பிலடெல்பியா நகரை அடுத்த மெரியன் மைதானத்தில் நடைபெற்ற அமெரிக்கத் திறந்த போட்டியில், கால்களைத் துணியாற் சுற்றிக்கொண்டு அவர் களமிறங்கினார். இறுதி நாளில் மட்டும் 36 குழிகள் ஆடவேண்டியிருந்தது. முடிவில் மூவர் சமநிலையில் நின்றனர். மறுநாள் மேலும் 18 குழிகள் ஆடி ஹோகன் வெற்றியீட்டினார்.

நடப்பதே வேதனையாயிருந்த அந்நாட்களிலும், ஒவ்வோர் அடிக்கு முன்னரும் பாதங்களை உரிய இடத்தில் வைக்கவேண்டிய கடமை அவருக்குக் குறையவில்லை. கோலின் வீச்சைக் கண்டு பார்வையாளர் வியப்பர். அதற்கு முந்திய சில விநாடிகளைக் கவனிப்போர் மிகச் சிலரே. ஆட்டம் பயில முற்படும் இளைஞன் அச்சில விநாடிகளையே முதலிற் கவனித்தல் வேண்டும். அவற்றைச் செம்மையாகச் செய்வதற்குப் பெருவலிமை வேண்டியதில்லை, பொறுமை போதும்.