உண்ணி எடுத்த இடத்தில் புல்

வேப்பூர்க்காரனுக்குச் சீமைக்கருவேலத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரி, ஓடை, தரிசு என்று எங்கும் அதுதான். எங்கள் ஊர்ச் சந்தைக்கு வரும் ஆடுகள் அதன் நெற்றைத் தின்றுவிட்டு, போகிற வழியெல்லாம் புழுக்கையோடு விதையையும் போட்டுக்கொண்டு போகும். அதே மரம் நீலகிரியின் அடியில், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெளிமான் மேயும் நிலத்திலும் புகுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மனசு கேட்கவில்லை. சேலம், மேட்டுப்பாளையம், ஊட்டி வழியாக மசினகுடிக்குப் புறப்பட்டேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த நேரம். கல்லட்டிச் சரிவின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்து இறங்கி முடிப்பதற்குள் ஊட்டிக் குளிர் போய் வெயில் சுட்டது. மலையின் மழை மறைவில் கிடக்கும் சீகூர்ப் பீடபூமி அது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களில் இருளரும் குறும்பரும் மற்றவர்களும் மாடு வைத்துக்கொண்டும் கூலிக்குப் போய்க்கொண்டும் வாழ்கிறார்கள்.

அங்கே முதலில் கண்ணில் பட்டது விலங்கு இல்லை, உண்ணிச்செடி. சாலையோரம் ஆள் உயரத்துக்கு மேல் அடைத்து நிற்கிறது. மஞ்சளும் செம்மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூத்திருப்பது அழகுதான். அந்த அழகுக்காகத்தான் அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடியை ஐரோப்பியர்கள் தங்கள் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. அதன் பிறகு கொண்டைக்குருவிகள் பழத்தைத் தின்று காடெங்கும் விதைத்துவிட்டன. இந்தியக் காடுகளில் 44 விழுக்காடு இந்த ஒரு செடியின் பிடிக்குள் வரக்கூடியவை என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது.

இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும். வெயிலில் நின்றால் தோல் வெந்து புண்ணாகும். மானும் காட்டெருமையும் தின்ன அதில் ஒன்றும் இல்லை. அடியில் புல்லும் முளைக்காது. கோடையில் தீப் பிடித்தால் புதர் வழியாகவே நெருப்பு மரத்தின் மேலே ஏறிவிடும்.

களையெடுப்பு வேலைக்குப் போய்வரும் இருளர் பெரியவர் ஒருவரோடு ஊர் எல்லைவரை நடந்தேன். "எப்படிங்க ஐயா இருந்தது இந்த இடம்?" என்று கேட்டேன்.

"முன்னெல்லாம் இந்த மேட்டுல நின்னா ஆறு வரைக்கும் தெரியும் சார். இப்ப யானை பத்தடியில நின்னாலும் தெரியாதுங்க. வாடை வந்தாத்தான் உண்டு."

விறகுக்கும் மாட்டுக்கும் போகிறவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. சுற்றுலா வந்தவர்கள் யானை தென்படவில்லையே என்று வருந்தும் அதே புதர், இவர்களுக்கு யானை தெரியாமல் போவதால் ஆளைக் காவு வாங்கும் புதர்.

சற்றுத் தள்ளி, உண்ணியை எடுத்துவிட்ட ஒரு சரிவைக் காட்டினார். புல் முழங்கால் அளவு வளர்ந்திருந்தது. அதில் புள்ளிமான் கூட்டம் ஒன்று குட்டிகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. அவற்றுக்கு அப்பால் மரநிழலில் இரண்டு காட்டெருமைகள் நின்றன. அங்கே நான் நின்ற நேரமெல்லாம் மனம் நிறைந்திருந்தது.

வானத்தில் பாறுக் கழுகு ஒன்று வட்டமிட்டது. வெண்முதுகுப் பாறு கூடுகட்டி வாழும் மிகச் சில தமிழ்நாட்டு இடங்களில் இந்தப் பள்ளத்தாக்கு ஒன்று. ஓடையோர நீர்மருது மரங்களில் கூடு வைக்கும். அவற்றைக் கொன்ற டைக்குளோஃபினாக் மருந்தைக் கால்நடைக்குத் தர 2006இல் தடை வந்தது. ஆனால் செத்த விலங்கின்மேல் இறங்கவும், தின்றபின் ஓடி எழும்பவும் அந்தக் கனத்த பறவைக்கு வெட்டவெளி வேண்டும். உண்ணியும் சீமைக்கருவேலமும் மூடிய நிலத்தில் அதற்கு எங்கே இடம்?

உண்ணியை வெட்டினால் போகாது, இன்னும் அடர்ந்து தழைக்கும். மண்ணுக்குக் கீழே சில விரற்கடை ஆழத்தில் வேரை வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் பரப்பிய முறை இது. அதோடும் முடியாது. மண்ணில் கிடக்கும் விதைகள் மழைதோறும் முளைக்கும். ஆண்டுக்கணக்கில் நாற்றுகளைப் பிடுங்கியாக வேண்டும். இங்கே புகுந்திருக்கும் இன்னொரு அயல் மரமான, மஞ்சள் பூப் பூக்கும் சென்னா ஸ்பெக்டபிலிஸ் இன்னும் பிடிவாதம். அதையும் வெட்டினால் அடிமரம் துளிர்க்கும். முதுமலையில் வெட்டிய அந்த மரங்கள் கரூர் மாவட்டத்துத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலைக்குக் கூழாக்கப் போகின்றன. உண்ணித் தண்டுக்கும் வழி பிறந்திருக்கிறது. கூடலூர்ப் பக்கத்துப் பணியரும் பெட்டக்குறும்பரும் காட்டுநாயக்கரும் அதை வளைத்து நிஜ அளவு யானை உருவங்களைச் செய்கிறார்கள். அவை 2021இல் லண்டன் பூங்காக்களிலும் பிறகு அமெரிக்க நகரங்களிலும் நின்றன. அந்தக் கைகளை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

2022இல் தமிழக அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. நல்லது. ஆனால் எத்தனை ஏக்கரில் செடியை எடுத்தோம் என்ற கணக்கோடு நின்றுவிட்டால் போட்ட பணம் வீண். எடுத்த இடத்தில் உள்ளூர்ப் புல் வந்ததா, மூன்றாம் ஆண்டும் நாற்றுப் பிடுங்க ஆள் போனார்களா என்பதுதான் கணக்கு. அந்த வேலையைக் காட்டை அறிந்த மலைமக்களுக்கே, ஒப்பந்தக்காரர் இடையில் இல்லாமல், ஆண்டு முழுதும் நியாயமான கூலியோடு கொடுக்க வேண்டும். எங்கள் வேப்பூர் ஏரிகளில் சீமைக்கருவேலத்தை ஏலம் விடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: ஏலத்தில் வரும் பணத்தில் ஒரு பங்கை, வெட்டிய பிறகு பார்த்துக்கொள்வதற்கும் ஒதுக்குங்கள்.