அழிக்கப்பட்ட திருநீறு



பத்து ஆண்டுகளுக்கும் மேலாக என் மனதை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். யாரையும் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை. இதில் தவறு செய்தவள் நானே.

2014ஆம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்து, திருச்சபை சார்ந்த ஒரு சமூகசேவை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வடமராட்சி கிழக்கில் மீள்குடியேறிய, பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்களுக்குத் தையல் இயந்திரம் வழங்கும் நாள் அது. ஓலைக் கொட்டில் ஒன்றில் கதிரைகள் போட்டிருந்தோம். முதலில் ஜெபம், பிறகு கையெழுத்து, பிறகு இயந்திரம் என்பதே ஒழுங்கு. ஜெபம் செய்வது என் பொறுப்பு.

வாசலில் நின்று பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். படலையடியில் ஓர் அக்கா வந்து நின்றார். நெற்றி நிறையத் திருநீறு. கொட்டிலின் முகப்பில் கட்டியிருந்த பதாகையைப் பார்த்தார். அதில் சிலுவை இருந்தது. உடனே சேலைத் தலைப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். ஒருமுறை போதாதென்று மறுபடியும் துடைத்தார். பிறகு என்னிடம் வந்து அடையாள அட்டையை நீட்டினார். இடது புருவத்துக்கு மேல் கொஞ்சம் வெண்மை இன்னும் ஒட்டியிருந்தது.

நான் எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பெயருக்கு நேரே அடையாளமிட்டு உள்ளே அனுப்பினேன். பின்னர் முன்னால் போய்க் கண்களை மூடி ஜெபித்தேன். அந்த அக்காவும் தலைகுனிந்திருந்தார்.

அன்றிரவு என்னால் ஜெபிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் அந்த நெற்றிதான் தெரிந்தது. கூடவே இன்னொரு வீடும் நினைவுக்கு வந்தது.

எங்கள் வீடு உடுவிலில். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஏழு வயது. உங்களில் பலர் அந்த இரவில் அதே வீதியில் நடந்திருப்பீர்கள். மழை, சனநெருக்கம், நாவற்குழிப் பாலத்தில் அடிமேல் அடிவைத்து நகர்ந்தது, அம்மாவின் சேலையை நான் விடாமல் பிடித்திருந்தது எல்லாம் இன்றும் நினைவில் இருக்கின்றன. தென்மராட்சியில், முன்பின் தெரியாத ஒரு சைவக் குடும்பம் தங்கள் விறாந்தையை எங்களுக்கு விட்டுத் தந்தது. நாங்கள் வேதக்காரர் என்பது அவர்களுக்கு முதல் நாளே தெரியும். அம்மாவின் கையில் வேதப்புத்தகம் இருந்தது. அந்த வீட்டு ஆச்சி எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஜெபிக்கும்போது வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். அவ்வளவுதான். 1996இல் திரும்பி வரும்வரை அந்த விறாந்தையில் நாங்கள் நாங்களாகவே இருந்தோம்.

ஆச்சி எனக்குத் தந்ததை நான் அந்த அக்காவுக்குக் கொடுக்கவில்லை. இதுதான் என்னை உறுத்தியது.

நான் வளர்ந்தது அமெரிக்க மிஷன் வழிவந்த குடும்பத்தில். அம்மா உடுவில் மகளிர் கல்லூரியில் படித்தவர். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலத்தில், 1824இல், ஹரியட் வின்ஸ்லோ என்ற அமெரிக்கப் பெண்மணி தொடங்கிய விடுதிப் பாடசாலை அது. அவர் 1833இல் இங்கேயே இறந்து உடுவில் மண்ணிலேயே அடக்கமானார். மிஷன் எங்களுக்குச் செய்த நன்மைகளைக் கேட்டே வளர்ந்தேன். மறுபக்கத்தைப் பல்கலைக்கழகத்தில்தான் படித்தேன். அக்கால விடுதிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் உடுப்பும் மிஷனே கொடுத்தது. பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்கள் பல பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. சோற்றுக்காக மதம் மாறுகிறார்கள் என்ற பேச்சு ஊரில் எழுந்தது. பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலரே, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். பிள்ளைகள் படிப்பதற்காகத் தங்கள் சமயத்தை விடவேண்டியதில்லை என்பது அதன் பொருள். அந்த நியாயத்தை நான் மறுக்க மாட்டேன்.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல் கொடையைப் பற்றி எழுதியதைப் பரீட்சைக்குப் படித்தேன். கொடுக்கப்படும் எந்தப் பொருளும் வாங்குபவரை ஏதோவொரு கடனில் கட்டிவிடுகிறது என்பது அவர் கருத்து. பரீட்சையில் நன்றாக எழுதினேன். ஆனால் அதன் பொருள் விளங்கியது அந்தப் படலையடியில்தான்.

அடுத்த கிழமை அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். தகரக் கொட்டிலின் முன்னால் தையல் இயந்திரம் இருந்தது. பிளாஸ்ரிக் உறைகூடக் கழற்றவில்லை. தேத்தண்ணி தந்தார். எப்படிக் கேட்பதென்று தெரியாமல் நேராகவே கேட்டேன்.

“அக்கா, அண்டைக்கு ஏன் திருநீறை அழிச்சனீங்கள்?”

அவர் என்னை ஒருகணம் பார்த்தார். “கண்டனீங்களோ பிள்ளை? வேதக்கார ஆக்கள் தாற மெசின், இதோட போனால் பேரை வெட்டிப்போடுவினம் எண்டு ஒராள் சொன்னவா. எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். கடவுள் கோவிக்க மாட்டார் எண்டு நினைச்சுத் துடைச்சனான். பிறகு வீட்டை வந்து சாமிப் படத்துக்கு முன்னால நிண்டு அழுதனான்.”

“நான் கண்டும் பேசாமல் இருந்தனான் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“நீங்கள் என்ன செய்வியள், சின்னப் பிள்ளை” என்றார். பிறகு சுவரில் தொங்கிய படத்தைக் காட்டினார். அவருடைய மூத்த மகன். 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வரும்போது தவறிப்போனவன். “பிள்ளையாருக்குத் தேங்காய் அடிச்சிட்டன். மடு மாதாவுக்கும் மெழுகுதிரி கொளுத்திட்டன். அவன் எங்கை எண்டு உங்கட கடவுளாவது சொல்லுவாரோ பிள்ளை?”

எனக்குத் தெரிந்த வேத வசனங்களெல்லாம் தொண்டையில் நின்றன. எதைச் சொன்னாலும் அது அந்தத் தாயின் கேள்விக்குப் பதிலாகாது. “எனக்குத் தெரியாது அக்கா” என்றேன். இருவரும் அழுதோம். இருட்டுவதற்கு முன் எழுந்து வந்தேன்.

வீடு திரும்பியபோது எலைசா அக்னியூவை நினைத்தேன். 1840இல் யாழ்ப்பாணம் வந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடுவில் பாடசாலையை நடத்தியவர். திருமணம் செய்யவில்லை. ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறைப் பெண்களுக்குக் கற்பித்து, விடுமுறையில் பழைய மாணவிகளின் வீடுதேடிப் போனவர். 1883இல் மானிப்பாயில் இறந்தார். ஆயிரம் பெண்களின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். அவர் மக்களைக் கிறிஸ்தவராக்கவே வந்தார். அதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் எங்கள் வீட்டில் அவரைப்பற்றிப் பேசும்போது எவரும் எத்தனைபேர் மதம் மாறினார்கள் என்று சொன்னதில்லை. “அவ கடைசிவரை போகேல்லை” என்றுதான் சொல்வார்கள்.

அலுவலகக் கூட்டத்தில், பொருள் கொடுக்கும் இடத்தில் ஜெபம் வேண்டாம் என்று சொன்னேன். “அப்படியெண்டால் எங்களுக்கும் மற்ற நிறுவனங்களுக்கும் என்ன வித்தியாசம்?” என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. நல்ல சமாரியன் கதையை நினைவுபடுத்தினேன். காயப்பட்டுக் கிடந்தவனிடம் அவன் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. எண்ணெய் வார்த்துக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், திரும்பி வருவதாகவும் சொன்னான். நீண்ட வாதத்தின் பின், ஜெபத்தை வேறொரு நாளில், விரும்புபவர்களோடு மட்டும் வைப்பதென்று முடிவாயிற்று. எல்லோருக்கும் அதில் திருப்தியில்லை. சிலர் இன்றும் என்னோடு மனவருத்தத்தில் இருக்கிறார்கள்.

நான் என் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. தினமும் ஜெபிக்கிறேன். அந்த மகனின் பெயரும் அதில் உண்டு. கேட்பவர்களுக்கு நான் எதை நம்புகிறேன் என்று சொல்வேன். மாதம் ஒருமுறை அந்த அக்காவின் வீட்டுக்குப் போவேன். மகன் வரவில்லை. மூத்த மகள் இப்போது அதே இயந்திரத்தில் பாடசாலைச் சீருடை தைக்கிறாள். நான் போகும்போது அக்காவின் நெற்றியில் திருநீறு இருக்கும்.

சகோதரிகளே, உதவி வாங்குவது வெட்கமல்ல. ஆனால் அதற்கு விலையாக உங்கள் நம்பிக்கையை யாரும் கேட்க முடியாது. எமது நாட்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, ஒருவர் தாம் விரும்பிய மதத்தை உடையவராயிருக்கவும் மேற்கொள்ளவும் உள்ள சுதந்திரத்தை எல்லோருக்கும் உறுதிசெய்கிறது. யாராவது நிபந்தனை வைத்தால், “இது எழுத்தில் இருக்கிறதா?” என்று கேளுங்கள். கிராம சேவையாளரிடமோ பிரதேச செயலகத்திலோ சொல்லுங்கள். யாரும் கேட்காமலே பயத்தில் நீங்களாக நெற்றியைத் துடைக்க வேண்டாம்.

உதவி கொடுக்கும் இடத்தில் இருக்கும் என் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. வாசலில் நிற்கும்போது வருபவரின் முகத்தைப் பாருங்கள். அவர் எதையாவது மறைத்துக்கொண்டு உள்ளே வந்தால், பெயரை அடையாளமிட முன்னர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, “அக்கா, அப்பிடியே வாங்கோ” என்று சொல்லுங்கள். அன்று நான் சொல்லத் தவறியது அதுதான்.